உள்ளூர்ப் பிரதிவாதி

மார்ச் 4
நான் கர்ப்பமாக இருந்ததால்தான் வேலையைவிட்டு அனுப்பினார்கள். ஆட்குறைப்பு என்பது பொய். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் இன்னும் கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்கள். மேற்பார்வையாளர் டார்வின் கிரம் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "வயித்தைத் தள்ளிக்கிட்டு எப்படிம்மா வண்டி ஓட்டுவ? உள்ள இருக்கிறதுக்கும் லைசென்ஸ் எடுத்தாச்சா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச் 11
என் வக்கீல் இமோஜீன் மாநிலச் சட்டப்படி மட்டுமே வழக்குப் போடுகிறார். கம்பெனியோடு டார்வினையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டுமாம். வெளிமாநிலக் கம்பெனி தனியாக நின்றால் வழக்கை மத்திய நீதிமன்றத்துக்கு இழுத்துக்கொள்ளும். உள்ளூர்க்காரர் ஒருவரும் சேர்ந்து நின்றால் அப்படி இழுக்க முடியாது.

"அங்க போனா பாதி கேசு ஜூரி மூஞ்சியைப் பார்க்காமலே செத்துடும், ஷெல்பி. இங்க நம்ம கவுன்டி ஆளுங்க ஆறு பேர் ஜூரியா உட்கார்ந்து கேப்பாங்க" என்றார்.

டார்வின்... சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர். என் அம்மாவின் சவப்பெட்டியைத் தூக்கியவர். கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 20
கம்பெனிக்காரர்கள் மத்திய நீதிமன்றத்துக்கு இழுத்தே விட்டார்கள். டார்வின் எதுவுமே செய்யாதவராம், சும்மா பெயருக்குச் சேர்க்கப்பட்டவராம். சர்ச் விருந்தில் நான் கொண்டுபோன பெப்பரோனி இறைச்சி வைத்த ரொட்டியை யாரும் தொடவில்லை.

ஜூன் 9
சார்ல்ஸ்டன், மத்திய நீதிமன்றம். கோபம் வரும் என்றுதான் நினைத்துப் போனேன். அந்த உயர்ந்த கூரையின் கீழ் கோபமே அடங்கிப்போனது. ஆட்குறைப்பு நியாயமானது என்று காட்டும் வேகத்தில் கம்பெனி வக்கீல் சொல்லிவிட்டார்: யாரை நிறுத்துவது என்று மேலிடம் முடிவு செய்யவில்லை, ஆட்களை அறிந்த திரு. கிரம்தான் தேர்ந்தெடுத்தார்.

நீதிபதி நிமிர்ந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "இப்பத்தானே அவர் எதுவுமே செய்யலைன்னீங்க?"

கம்பெனி வக்கீல் காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்தார். ஒரு கேள்விக்கு இவ்வளவு பலமா?

ஜூன் 23
டார்வினும் உண்மையான பிரதிவாதிதான் என்று, வழக்கு எங்கள் கவுன்டி நீதிமன்றத்துக்கே திரும்புகிறது. கம்பெனிக்கு மேல்முறையீடும் கிடையாதாம். உத்தரவை இரண்டு முறை படித்தேன்.

ஆகஸ்ட் 2
பெண் குழந்தை.

மறு வருடம், அக்டோபர் 14
கவுன்டி நீதிமன்றம். கூரையில் ஒழுகிய கறை. ஜூரியில் பள்ளிப் பேருந்து ஓட்டும் பெண், முடிவெட்டுகிறவர், ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி இரண்டு பேர், மளிகைக் கடைக்காரர், தாதி. இவர்களைப் பார்க்கப் பயந்தா அத்தனை வக்கீல்கள் ஓடினார்கள்? அவர்கள் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தபோது எனக்குச் சிலிர்த்தது.

நான் சாட்சி சொல்லும்போது, யாரும் கேட்காததை நானே கேட்டுவிட்டேன். "டார்வின் அண்ணே, ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தீங்க?"

நீதிபதி கண்டித்தார். டார்வின் மேசையைப் பார்த்தார். அந்த ஆறு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"இவங்க முன்னாடி சொல்லுங்க, அண்ணே."