ஜன்னலில் ஒட்டிய இரண்டு வரைபடங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை.

லிஃப்ட் வரைபடம் ஒன்றை நானும் மேனேஜரும் ஒரே நாளில் தனித்தனியாகத் திருத்திவிட்டோம். வெறும் எழுத்து என்றால் கம்ப்யூட்டரே வரிவரியாக ஒப்பிட்டுச் சேர்த்துவிடும். படம் என்றால் இரண்டில் ஒன்றைத்தான் வைக்கச் சொல்லும்.

"என்னோடதை வை, உன்னோடதை அழிச்சிடு" என்றார்.

"பாக்காம அழிக்க மாட்டேன் சார்" என்றேன்.

இரண்டையும் அச்சடித்து ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினேன். அவருடையதில் அவசர சுவிட்சே இல்லை. அவர் அகலமாக்கிய கதவையும் என் சுவிட்சையும் சேர்த்துப் புதிதாக வரைந்தேன்.

மேனேஜர் பேச்சை மீறிவிட்டேன் என்று ஆபீஸில் நாலு நாளாக எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் கொஞ்சம் கூடுதல் நேரம் பேசுங்கள். எதை வேண்டுமானாலும் பேசுங்கள். மன்னிப்புக் கேள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்