ஆரபியின் இடக்கையும் ஒரு ஹொக்கி மட்டையும்

என் ஆசை அக்காவுக்கு,

உன் மகள் ஹொக்கி விளையாடுகிறாள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ இடையில் மறித்து மறித்துக் கேட்பாய், நான் சொல்ல வந்ததை மறந்துபோவேன்.

எங்கள் வீட்டில் எவரும் அந்த மட்டையைத் தொட்டதில்லை. ஆரபி பள்ளிக்கூட வான் வரும்வரை மைதான ஓரத்தில் நின்று பெரிய பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறாள். ஒருநாள் வந்ததும் வராததுமாக, முற்றம் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்து, தேசிக்காய் ஒன்றை முற்றம் முழுக்கத் துரத்தினாள். நீ போன பிறகு அவள் வாய் திறந்து கேட்ட முதல் ஆசை அது. ஏழு வயதுப் பிள்ளையிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு மனம் வருமா? கட்டாரில் இருக்கிற அத்தானை வீடியோவில் கேட்டேன். மகள் சிரித்தால் அதுவே காணும் என்றார். அடுத்த சனிக்கிழமையே கூட்டிப் போனேன்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறவர் உரும்பிராயிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற இளம் ரீச்சர். அதட்டிப் பேசத் தெரியாதவர். மட்டையைக் கொடுத்ததும் உன் மகள் தனக்கு வந்தபடி பிடித்தாள், வலக்கை மேலே, இடக்கை கீழே. ரீச்சர் குனிந்து கைகளை மாற்றிவைக்கப் போனார். பிள்ளை மட்டையோடு பின்னால் நகர்ந்தாள்.

"என்ரை கையை ஒருத்தரும் மாத்தக்கூடாது. அம்மா சொன்னவ."

மைதானமே திரும்பிப் பார்த்தது. வேலிக்கரையில் நின்று நானும் கேட்டேன். அது அப்படியே உன் குரல், அக்கா.

உன் கையை மாற்றிய கதை எனக்குத் தெரியாதா? இடக்கையால் எழுதியதற்காக உனக்கு அடிமட்டத்தால் விழுந்த அடிகளைப் பக்கத்து வகுப்பில் இருந்து கேட்டவள் நான். கடைசியில் வலக்கைக்கு மாறினாய். அதன் பிறகு உன் எழுத்து கோழி கிளறியது மாதிரித்தான். இரண்டு கையில் ஒன்றும் என்ரை கை இல்லையடி என்று சிரித்துக்கொண்டே சொல்வாய். ஆரபிக்கு ஏடு தொடக்கிய அன்று ஐயர் அவளுடைய வலக்கையைப் பிடித்து அரிசியில் எழுதவைக்கப் பார்த்தார். அவள் அதை உருவிக்கொண்டு இடக்கையை நீட்டினாள். சனம் முணுமுணுத்தது. நீ எழுந்து போய் ஐயருக்கு முன்னால் நின்று, அந்தக் கையையே பிடியுங்கோ ஐயா என்றாய்.

தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் உனக்குப் பேச்சு ஒடுங்கிய நாட்களிலும் நகையைப் பற்றியோ காணியைப் பற்றியோ நீ ஒன்றும் கதைக்கவில்லை.

"அவளின்ரை கையிலை ஒருத்தரையும் கை வைக்க விடாதை" என்றாய். நான் ஓம் என்றேன்.

ஆனால் ஹொக்கி மட்டைக்கு உன்னைத் தெரியாதே. அதற்கு ஒரு பக்கம்தான் தட்டை, மறுபக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தால் மட்டுமே பந்தை அடிக்கலாம். எல்லா மட்டையையும் வலக்கைக்காரர் அடிக்க வாய்ப்பாகத்தான் செய்கிறார்கள், இடக்கைக்கென்று ஒரு மட்டை இந்த விளையாட்டிலேயே இல்லை என்று ரீச்சர் சொன்னார். நான் நம்பவில்லை. தையல்காரி நான். இடக்கைக்காரருக்குக் கத்தரிக்கோலே இருக்கும்போது மட்டை இல்லாமல் போகுமா? ரீச்சருக்கு வயது காணாது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனியும் அவள் தன் பிடியிலேயே வீசினாள். உருண்டைப் பக்கத்தில் பட்ட பந்து போகவேண்டிய திசையில் போகாமல், பக்கத்தில் நின்ற பிள்ளையின் கணுக்காலில் அடித்தது. பார்த்துக்கொண்டிருக்கவே கால் வீங்கியது. அந்தப் பிள்ளையின் தாய் ஓடிவந்து, தாயில்லாப் பிள்ளை என்று செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருப்பது உனக்குத் தெரியும். அன்று விழுங்கிக்கொண்டேன், பிழை எங்களுடையது. பிடியை மாற்றும்வரை ஆரபி மற்றவர்களோடு ஓடலாம், மட்டையைத் தொடமுடியாது என்று ரீச்சர் சொல்லிவிட்டார்.

அன்றே கனடாவில் இருக்கிற எங்கள் தம்பிக்குப் போன் எடுத்தேன். அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. இங்கே கடை முழுக்க இடக்கை மட்டை கிடக்கிறது, இதற்குப் போய் ஏன் கவலைப்படுகிறாய் என்றான். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த ஒருவரிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டான். அது வந்து சேரும்வரை பிள்ளை சனிக்கு சனி மைதானத்தைச் சுற்றி ஓடினாள். மாமா இடக்கை மட்டை அனுப்புகிறார் என்று கூட ஓடிய அத்தனை பேருக்கும் சொல்லி வைத்தாள்.

மட்டை வந்தது. அவளைவிட உயரம். அடியில் தோசை திருப்புகிற தட்டகப்பை மாதிரி ஒரு நீளப் பலகை. இது வேறு எதற்கோ செய்தது என்று எனக்கு அப்போதே பட்டது. ஆனால் அவள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும்போது என்னத்தைச் சொல்வது? மைதானத்தில் வைத்துத்தான் ரீச்சர் மெதுவாக விளக்கினார். இது பனிக்கட்டியில் சறுக்கிச் சறுக்கி விளையாடுகிற ஹொக்கியின் மட்டையாம், அது வேறு விளையாட்டாம். சண்டிலிப்பாய் வெயிலில் பனிக்கட்டிக்கு நான் எங்கே போவேன்? பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆரபி அழுதிருந்தால் தூக்கித் தேற்றியிருப்பேன். அவள் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு சட்டைக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், வலக்கையால் சாப்பிடுகிறாள். பாதிச் சோறு மடியில் கிடக்கிறது. இடக்கையைத் தொடைக்குக் கீழே வைத்து அமர்த்திக்கொண்டு இருக்கிறாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். பழகுகிறேன் என்றாள். பிறகு சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"சித்தி, அம்மா சொன்னது பிழையோ?"

நீ என்ன சொல்லியிருப்பாய், அக்கா? சாப்பிடு என்றேன். அந்தக் கிழமை முழுக்க வலக்கையால் சாப்பிட்டாள், வலக்கையால் எழுதப் பார்த்தாள். எழுத்தெல்லாம் கொப்பிக் கோடுகளை விட்டுச் சரிந்து விழுந்தன. ஒருவரும் அடிக்கவில்லை, அதட்டவில்லை. ஒருவரும் கை வைக்காமலே உன் பிள்ளையின் கை மாறிக்கொண்டிருந்தது. உனக்கு ஓம் சொன்ன வாயை வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போதும் இந்த ஹொக்கி என்று முடிவெடுத்தேன். சனி காலை அவளைக் கூட்டிக்கொண்டு போனது, இனி வரமாட்டாள் என்று ரீச்சரிடம் சொல்வதற்குத்தான். சொல்ல வேண்டியதை வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். காரசாரமாகவே வைத்திருந்தேன். நாங்கள் போனபோது பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ரீச்சர் என்னைக் கண்டு, கொஞ்சம் பொறுங்கோ அக்கா என்று கைகாட்டிவிட்டு ஆரபியையும் வரிசையில் விட்டு ஒரு மட்டையைக் கொடுத்தார்.

"எல்லாரும் வலக்கையை முதுகுக்குப் பின்னாலை வையுங்கோ. இடக்கையாலை மட்டையின்ரை உச்சியைப் பிடியுங்கோ. வலக்கை வெளியிலை வரப்படாது."

ஆரபி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒற்றைக் கையால் மட்டையைப் புரட்டிப் புரட்டி, பந்தை இடமும் வலமுமாகத் தட்டிக்கொண்டு மறுகரைக்குப் போகவேண்டும். விசில் ஊதியதும் மற்றப் பிள்ளைகளின் பந்துகள் நாலு பக்கமும் சிதறின. ஒரு பந்து வாய்க்காலுக்குள் போனது. உன் மகளின் பந்து மட்டும் மட்டையை விட்டு விலகவில்லை. முதலில் தயங்கித் தயங்கி நடந்தாள், பிறகு ஓடினாள். உச்சியில் இருந்த இடக்கை திருப்பத் திருப்ப மட்டை புரண்டது, பந்து சொல்வழி கேட்டது. அவள் மறுகரையில் போய் நின்றபோது மற்றவர்கள் பாதித் தூரம்கூட வரவில்லை.

நான் அழுதேன். வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் பார்க்கத்தான் அழுதேன்.

இந்த விளையாட்டில் மட்டையை ஆள்வது மேலே இருக்கிற இடக்கைதான், கீழே பிடிக்கிற வலக்கை தள்ளிக் கொடுக்கும், அவ்வளவுதான் என்று ரீச்சர் பிறகு சொன்னார். மற்றப் பிள்ளைகள் பழகிப் பழகி எடுக்கவேண்டிய கை இவளுக்குப் பிறவியிலேயே இருக்கிறதாம். அந்தப் பயிற்சி வழக்கமானதா, ஆரபிக்காகவே வைத்ததா? கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நான் கட்டிக்கொண்டு போன காரசாரத்தை அவிழ்க்கவே இல்லை.

ஆனால் ஒரு கையால் பந்தை உருட்டலாம், ஓங்கி அடிக்க முடியாது. அடுத்தது அடிக்கிற பயிற்சி. ரீச்சர் இந்த முறை குனியவும் இல்லை, தொடவும் இல்லை. தள்ளி நின்று பார்த்தார். ஆரபி இடக்கையால் மட்டும் ஒருதரம் அடித்தாள். பந்து ஒரு முழம் போய் நின்றது. இன்னொருதரம் அடித்தாள், அதே கதை. மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முதுகுக்குப் பின்னால் இருந்த கையைத் தானே முன்னால் கொண்டுவந்தாள்.

"வலக்கையும் வரட்டும் ரீச்சர். ஆனா கீழைதான் நிக்கோணும்."

பந்து மைதானத்தைத் தாண்டிப் போனது.

வீட்டுக்கு வந்து இடக்கையால் சாப்பிட்டாள், இன்னும் சோறு கேட்டாள். அவளுடைய கேள்விக்கு அப்போதுதான் பதில் சொன்னேன். அம்மா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்றேன். எனக்குத் தெரியும்தானே என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குச் சாப்பிட்டாள்.

அக்கா, உனக்கு ஓம் சொன்ன நாளில், கையைக் காப்பது என்றால் குறுக்கே போய் நிற்பது என்றுதான் நினைத்தேன். இப்போது அவளுடைய வலக்கை மட்டையில் இருக்கிறது. அதை ரீச்சர் வைக்கவில்லை, நான் வைக்கவில்லை. உன் மகள் வைத்தாள்.

இனி உனக்கு என் வாக்கு இதுதான். வெட்கத்திலோ பயத்திலோ அவள் கை மாறினால் சும்மா பார்த்துக்கொண்டிருக்கமாட்டேன். அவளாக விரும்பி மாற்றினால், எனக்கு எவ்வளவு பதறினாலும், மைதானக் கோட்டுக்கு வெளியே வாயை மூடிக்கொண்டு நிற்பேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத்தானே தெரியும்.

உன் தங்கச்சி,
ஆரபியின் சித்தி