எறும்புகளும் இருந்த ஒருசந்தி

விவேக் நகர்,
ஏப்ரல் 28

அன்பு மகன் லாயிட்டுக்கு மம்மி எழுதுவது. குழந்தை இயேசு புண்ணியத்தில் நானும் டாடியும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று வியாழக்கிழமை நவநாளில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். டாடிக்குச் சுகர் கூடுவதும் குறைவதுமாக இருக்கிறது, சொன்னால் கோபம்தான் வருகிறது. போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். உன் எறும்பு ராணி செத்துப்போய்விட்டது.

காலேஜ் படிக்கும்போது மே மாத மழைக்கு மறுநாள் தொம்மலூர் பஸ் ஸ்டாப்பில் பிடித்து மாத்திரை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தாயே, அதேதான். ஏழு வருஷம் அந்தக் கண்ணாடிப் பெட்டியில் இருந்து எத்தனை கட்டெறும்பைப் பெற்றது. கனடா போகும்போது நீ ஒட்டிவிட்டுப் போன சீட்டு பெட்டி மேல் இன்னும் இருக்கிறது, பெரியதுகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் போதும், ராணிக்கும் குஞ்சுப் புழுக்களுக்கும் வாரம் இரண்டு நாள் முட்டையோ செத்த பூச்சியோ கட்டாயம் என்று. நான் படிக்காமல் இல்லை. அங்கேயே தங்க நீ போட்ட பேப்பர் சரியாகி நீ கிறிஸ்துமஸுக்கு வந்துவிட வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, தவக்காலம் நாற்பது நாளும் ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி, வாசலுக்குள் கவிச்சி என்று ஒரு துணுக்கும் வரக் கூடாது என்று இருந்தேன். எறும்புக்கென்று முட்டை அவித்தாலும் நேர்ச்சை கெட்டுவிடும் என்று பயம். அதுகளும் இந்த வீட்டு உயிர்தானே, உனக்காக நாற்பது நாள் இருக்காதா என்று நினைத்தேன். டாடி வாக்கிங் என்று சொல்லிவிட்டுப் போய் மீசையில் எக் பஃப் தூளோடு திரும்புவார், நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். எறும்புகளுக்குப் பேக்கரிக்குப் போக வழியில்லை.

நாலாவது வாரம் குஞ்சுகள் குறைந்தன, பசியில் அதுகளே தின்றுவிட்டன என்று அப்போது எனக்குத் தெரியாது. ஈஸ்டருக்கு மறுநாள் அவித்த மஞ்சள் கரு வைத்தேன், ராணி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மற்றதெல்லாம் ஒரு வாரம் அதைச் சுற்றி நின்று நக்கிக்கொண்டே இருந்தன. பிறகு ஒரு நாள் காலையில் அதுகள் குப்பை போடும் மூலையில் தலை வேறு உடம்பு வேறாகக் கிடந்தது. மூன்று ஞாயிறு நீ வீடியோ காலில் ராணியைக் காட்டச் சொன்னபோதும், வெளிச்சம் படாமல் பெட்டி மேல் நீ ஒட்டியிருந்த சிவப்புத் தாளை எடுக்காமல், தூங்குகிறது என்று பொய் சொன்னேன். அதில் ஒரு ஞாயிறுதான் பேப்பர் தள்ளுபடியாகிவிட்டது, இப்போது ஊருக்கு வந்தால் திரும்பிக் கனடா போக முடியாது என்று நீ சொன்னாய். நேர்ச்சையும் போயிற்று, ராணியும் போயிற்று.

உன்னோடு படித்த வீணாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வயசாகியும் செத்திருக்கலாம் என்று என் மனதுக்காகச் சொன்னாள், நான் நம்பவில்லை. மழை வந்ததும் வேறு ராணி பிடித்து விடலாமா என்று கேட்டேன். “புதுசா விட்டா இதுங்க கடிச்சுக் கொன்னுடும் ஆன்ட்டி. இனிமே முட்டை போட ஆளில்ல. மிச்சம் இருக்கிறது ஒவ்வொண்ணா போகும், அவ்ளோதான்” என்றாள். தினமும் ரெண்டு மூன்று போகிறது, கிறிஸ்துமஸ் வரை தாங்காது. நான் சர்க்கரைத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கிறேன், வேறு என்ன செய்ய.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு எறும்பு மேல் பெரிய பாசம் எல்லாம் இல்லை. நீ ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறாய், டாடியிடம் ரெண்டு நிமிஷம், என்னிடம் சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை, அப்புறம் அரை மணி நேரம் பெட்டிதான். அதைப் பார்க்க நீ போனுக்குக் கிட்டே குனிவாய், அப்போதுதான் உன் முகம் எனக்குப் பெரிதாகத் தெரியும். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, இளைத்திருக்கிறாய், எல்லாம் அந்த அரை மணி நேரத்தில் பார்த்துக்கொண்டதுதான். இனி எதைக் காட்டி உன்னைப் பிடித்து வைப்பேன் என்று தெரியவில்லை.

ராத்திரி வேலை முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. ஞாயிறு பூசையை விடாதே. குழந்தை இயேசு உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், டாடியும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். கோபம் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. பெட்டி காலியான பிறகும் கூப்பிடு, காட்டுவதற்கு நான் மட்டும்தான் இருப்பேன்.

உன் மம்மி,
மௌரீன்