பேராயர் கேட்ட இடம்

பேராயர் இல்லம்
3 ஜூன் 1946

அன்புள்ள வூனிபால்ட்,

மடாதிபதிக்குரிய மரியாதையோடு எழுதினால் நீ சிரிப்பாய். அதனால் உன்னோடு ஒரே நாளில் துறவு உடை உடுத்திய தோழனாகவே எழுதுகிறேன். நீயும் சகோதரர்களும் சுகம்தானே? எனக்குச் சுகமில்லை. வயிற்றில் இருப்பது கட்டிதானாம். பனி விழும்வரை தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

என்னைப் பேராயராக்கி ரோமிலிருந்து ஆணை வந்தபோது மடாதிபதி நாற்காலியை உன்னிடம் விட்டுவிட்டு அழுதுகொண்டே இங்கே வந்தேன். சாகும்வரை ஒரே மடத்தில் இருப்பேன் என்று கொடுத்த வாக்கு அன்றே முறிந்தது. போரில் குண்டு விழுந்து இப்போது பேராலயத்துக்குக் கூரையும் இல்லை. தனியாகச் சாப்பிடுகிறேன். தனியாகச் சாகப் பயமாக இருக்கிறது.

பதவியை விட்டுவிட்டு ஆல்டன்ரீட் மடத்துக்கே வந்துவிடட்டுமா? உங்கள் நடுவில் கண்மூட வேண்டும்.

உன் கொலொமான்

ஆல்டன்ரீட் மடம்
12 ஜூன் 1946

அருமைக் கொலொமான்,

உன் கடிதத்தைச் சாப்பாட்டறையில் வாசிக்கச் சொன்னேன். கிழவர் ஓட்மார், "அவருக்குக் கட்டிலே போட்டாச்சு, இன்னும் என்ன யோசனை சாமி?" என்று என்னிடமே எகிறினார். வாக்கெடுப்பில் எல்லோரும் சம்மதத்துக்கான வெள்ளை அவரைக்கொட்டையையே பெட்டியில் போட்டார்கள். ஒரு கறுப்புகூட விழவில்லை.

ஆனால் முடிவு மடாதிபதியான என்னுடையது. வராதே.

போன மாதம் உன் ஊர்ப் பெண் ஒருத்தி உருளைக்கிழங்கு கேட்டு இங்கே வந்தாள். "வீடு போச்சு, புருஷனும் திரும்பல. குண்டு போட்டப்போ பேராயர் ஆண்டவர் எங்களோடவே நிலவறையில கெடந்தாரு. அவரு இருக்காருன்னுதான் நாங்களும் இருக்கோம்" என்றாள். அவளிடமிருந்து உன்னைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

நீ வந்தால் என்னைவிட மகிழ்பவன் யாருமில்லை. அதனால்தான் என் ஆசையை நான் நம்பவில்லை. கட்டளைக்காக எங்களை விட்டுப் போனாய். சாவுக்குப் பயந்து அவர்களை விட்டு வராதே.

என்னைத் திட்டு.

வூனிபால்ட்

பேராயர் இல்லம்
24 ஜூன் 1946

வூனிபால்ட்,

திட்டினேன். உரக்கவே திட்டினேன். சமையல்காரி பயந்துபோய், "யார ஆண்டவரே இப்படிக் கரிச்சுக் கொட்டுறீங்க?" என்றாள். என் உயிர்த்தோழனைத்தான் என்றேன். "அப்ப சரி, சூப்பைக் குடிங்க" என்று போய்விட்டாள்.

நேற்றுப் பேராலயத்தில் மழையில் பூசை வைத்தேன். ஒருவரும் எழுந்து போகவில்லை. முன்வரிசைக் கிழவர் ஒருவர் தன் குடையை என் தலைக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நின்றார். பதவி விலகல் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

மடத்து வாசலைத் தாண்டுவது உனக்கு எப்போதும் பிடிக்காது. தெரிந்துதான் கேட்கிறேன். கடைசி நேரத்தில், மடத்தில் நாம் சேர்ந்து பாடிய சங்கீத ஜெபத்தைப் பாட ஒரு குரலாவது பக்கத்தில் வேண்டும்.

நான் வரவில்லை. நீ வா.

கொலொமான்