சிறுமலைக்குக் கோபித்துக்கொண்டு போனவள்

17 ஜனவரி 2025, வெள்ளி

தாடிக்கொம்பு வரை போய்த் திரும்பினேன். கால் வலிக்கவே இல்லை! மகள் ஹுஸ்னா திருச்சிக்குப் படிக்கப் போனபோது விட்டுப்போன கியர் சைக்கிள். நாற்பத்து மூன்று வயதில் எனக்கு இப்படி ஒரு பைத்தியம்.

இவர்தான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். "சைக்கிளை அக்கா வீட்டுக்குக் குடுத்துருவோம் நஜ்மு. நீ எங்கயாச்சும் விழுந்து வச்சா பிரியாணிக் கடைய யாரு பாக்குறது? உன்னைய யாரு பாக்குறது?"

முதலில் கடை, அப்புறம்தான் நான்.

18 ஜனவரி, சனி

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். தனியாகச் சிறுமலை ஏறி இறங்கி வருவதாகப் பந்தயம். நடுவில் முடியாமல் இவரைக் கூப்பிட்டால் சைக்கிள் மதினி வீட்டுக்கு. கூப்பிடாமல் வந்துவிட்டால் எனக்கே எனக்கு.

"குட்டியானைய ரெடியா நிப்பாட்டி வைக்கிறேன், போன் போடு" என்று சிரிக்கிறார். கடைக்கு அரிசி மூட்டை ஏற்றும் வண்டி அது. அதில் நான் ஏறுவேனா?

20 ஜனவரி, திங்கள்

பெருநாளுக்கு முந்தின நாள் மாதிரி இருக்கிறது. தூக்கம் எங்கே வரும்!

21 ஜனவரி, செவ்வாய்

எழுதக் கை நிற்கவில்லை. சிரிப்பு வேறு.

அதிகாலை பஜ்ர் தொழுதுவிட்டுக் கிளம்பினேன். பையில் மாற்றுத்துணி, துண்டு, பேரீச்சம்பழம். அடிவாரச் சோதனைச்சாவடியில், "கூட யாரும் வரலையாம்மா?" என்றார்கள். "நான் வந்திருக்கேன்ல" என்றேன். என்ன திமிர்!

திமிர் மூன்றாவது வளைவோடு இறங்கிவிட்டது. அப்புறம் வளைவுகளை எண்ணுவதையே விட்டுவிட்டேன். மிதி, மூச்சு, மிதி, மூச்சு. ஓரிடத்தில் முடியவே இல்லை. சைக்கிளைப் புதரோரம் சாய்த்து, செருப்பைக் கழற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டு கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்தேன். வியர்வை கண்ணில் இறங்கி ஒரே எரிச்சல், கண்ணீர். கீழே திண்டுக்கல் மலைக்கோட்டை சின்னதாகத் தெரிந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். ஒரு போன்தானே? சீ! உள்ளே வைத்துவிட்டேன்.

அப்போது பார்த்து, நம் கடைக்கு எலுமிச்சம்பழம் போடும் சடையாண்டி வேனில் மலையிறங்கி வந்தார்.

"பாயம்மா! என்ன இங்கன? வீட்ல எதும் சங்கடமா?"

மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. போங்க போங்க என்று கையை ஆட்டினேன். ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே போனார்.

எழுந்தேன். ஏறினேன். காபித் தோட்டத்துக் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்ததே — அப்போது தெரிந்தது மேலே வந்துவிட்டேன் என்று! யாரும் பார்க்கவில்லை, நடுரோட்டில் ஒரு குதி குதித்தேன். டீக்கடையில் மலைவாழைப்பழம் நான்கு தின்றேன். ஐந்தாவதை உரிக்கும்போது குட்டியானை வந்து நின்றது.

இவர்! கடை லுங்கியோடு, கரண்டியைக்கூட வண்டியிலேயே போட்டுக்கொண்டு.

"நஜ்மு, எதுனாலும் வீட்ல பேசிக்கலாம். உங்க அண்ணன் மக நிக்காஹ்வுக்கு நான் வராதது தப்புதான். வயித்து வலின்னு சொன்னது பொய். ஒத்துக்கிறேன். அம்மா வீட்டுக்கெல்லாம் போயிராத."

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. பொய்யா அது? அன்றைக்கு ஓமத்தண்ணி போட்டுக் கொடுத்தேனே!

விசாரித்தால் சடையாண்டியின் வேலை. "உங்க வீட்ல அழுதுக்கிட்டே மலையில ஒத்தையா உக்காந்திருக்காங்க பாய். பை வேற கையில" என்று போன் போட்டிருக்கிறார். கையில் பையோடு பெண்பிள்ளை தனியாக உட்கார்ந்தால் கோபித்துக்கொண்டு கிளம்பியதாகத்தானே அர்த்தம்? புதர் மறைத்த சைக்கிளை அவர் எங்கே பார்த்தார்!

"பந்தயம் ஞாபகமே இல்லையாங்க?"

"அவரு சொன்னதுல எல்லாம் மறந்துருச்சு புள்ள."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. என் வலி நிஜம். அப்புறம் அவரைப் பார்த்தேன். பாவமாகப் போய்விட்டது. பாதிப் பழத்தை அவரிடம் கொடுத்தேன்.

"சரி, சைக்கிள ஏத்து."

"எதுக்கு? நான் உங்களக் கூப்பிட்டனா?"

தான் மட்டும் போய்க் குட்டியானையில் ஏறிக்கொண்டார்.

இறக்கம்! யா அல்லாஹ், அந்த இறக்கம்! வாய்விட்டுக் கத்தினேன். ஒரு குரங்கு பயந்து மரமேறியது. என் பின்னாலேயே ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடித்துக்கொண்டு குட்டியானை வந்தது. ஒருதடவைகூட என்னை முந்தவில்லை.

22 ஜனவரி, புதன்

உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. சந்தோஷம்.

28 ஜனவரி, செவ்வாய்

விடியற்காலையில் வாசலில் புஸ் புஸ் என்று சத்தம். எட்டிப்பார்த்தால் இவர் குனிந்து டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

நிமிராமலே கேட்டார்: "இன்னைக்கு எந்தப் பக்கம்?"

"கன்னிவாடிப் பக்கம் போகலாம்னு."

"போயிட்டு வா. எங்கயாச்சும் உக்காந்தா மட்டும் செத்த சிரிச்ச மொகமா உக்காரு."