கூடின நிறைக்குக் கட்டிய தண்டம்

மச்சான்,

இன்று காலை என் தராசுக்கு முத்திரை வைத்தார்கள். நம் காலத்து முத்திரை இல்லை. அந்த மின்சாரத் தராசின் நெற்றியில் நகத்தளவு கடதாசி ஒன்றை ஒட்டிவிட்டு, வந்த இளம் பரிசோதகர் முடிந்தது என்றார். ஈயத்தில் உளி வைத்து அடிக்கும் அந்த 'டொக்' சத்தம் இல்லை. அது கேட்காத குறைக்கு உன் நினைவு வந்து பக்கத்தில் குந்திக்கொண்டது. எனக்கு எழுத்துத் தெரியாதது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

வாவிக்கரைச் சந்தையில் உன் தராசும் என் தராசும் பக்கம் பக்கமாகத் தொங்கின. இரண்டு பேரிடமும் ஒரே தோணியில் வந்த இறால்தான். ஆனாலும் பெண்கள் உன் முன்னால்தான் வரிசையாக நிற்பார்கள். என்னிடம் ஈதான் வரும். "விடியக்குள்ள உன்ட மூஞ்சியில முழிக்க ஆருக்கு மனம் வரும்?" என்பாய். உன்னுடைய முகராசி என்றுதான் நானும் நம்பினேன், நீயும் நம்பினாய்.

உண்மையான ராசி உன் கிலோப் படிக்கல்லில் இருந்தது. அதன் அடிக்குழியில் இருந்த ஈயம் ஒருநாள் கழன்று தண்ணீரில் விழுந்துவிட்டது. முத்திரையும் அதோடு போயிற்று. கல் இலேசானால் சனத்துக்குக் குறைந்துவிடுமே என்று பதறி, கிழிந்த வலையில் கிடந்த ஈயத்தைப் பழைய தகரப் பேணியில் உருக்கி, குழியில் மேடு தட்ட ஊற்றினாய். வலைக்கு ஈயம் கட்டுகிற கை அல்லவா, அளந்து ஊற்றத் தெரியாது.

பிறகு பரிசோதகர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். உன் கல்லைக் கவிழ்த்துப் பார்த்தார், முத்திரை இல்லை. சந்தையே கூடிவிட்டது. தன் கல்லை ஒரு தட்டிலும் உன் கல்லை மறு தட்டிலும் வைத்தார். உன் தட்டு கீழே போனது. குறையும் என்றுதான் சனம் பார்த்திருந்தது. உன் வரிசையில் நாளும் நிற்கிற பொன்னம்மாக்காதான் வாயைத் திறந்தாள்: "குறைஞ்சா கள்ளன் எண்டலாம். கூடினவன என்னண்டு சொல்லுற?"

கூடினாலும் குறைந்தாலும் முத்திரை இல்லாத கல் குற்றம்தான் என்று பரிசோதகர் விளங்கப்படுத்தினார். வேண்டுமென்றே குறைத்து நிறுத்தவனைச் சிறையில், மறியலில் போடவும் கூடும் என்றார். உன் காதில் மறியல் என்ற ஒரு சொல்தான் விழுந்தது. அன்று முழுக்க நீ தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பொழுதுபட்ட பிறகுதான் என்னிடம் சொன்னாய்:

"மறியலுக்குப் போறதுக்கும் பயமில்ல மச்சான். கள்ள நிறை எண்டு பேர் வந்தா மறுகா இந்தச் சந்தையில இரிக்க ஏலா."

வழக்கு நாளில் கோட்டில் உனக்குப் பின்னால் நின்றேன். யாரை ஏமாற்றினாய் என்று நீதவான் கேட்டார். நீ விரல் மடித்துக் கணக்குப் பார்த்தாய்.

"என்னத்தான் ஐயா."

நீதவான் தலையைக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. சிரித்து முடிந்தபின் சிறிய தண்டமொன்று விதித்து, கல்லையும் பறிமுதல் செய்தார். கள்ளன் என்ற பேர் வரவில்லை என்று வழி முழுக்கச் சந்தோசப்பட்டாய்.

அந்தச் சந்தோசம் அடுத்த நாள் சந்தை கூடும் வரைதான். முத்திரை வைத்த புதுக் கல்லில் பொன்னம்மாக்காவுக்கு ஒரு கிலோ இறால் நிறுத்தாய். அவள் பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"கோட்டுக்குப் போயா களவு பழகின நீ?"

உன் கையால் சரியான நிறையைச் சந்தை கனகாலத்துக்குப் பிறகு அன்றுதான் கண்டது, யாருக்கும் பிடிக்கவில்லை. வரிசை என் பக்கம் திரும்பியது. எனக்கு வியாபாரம் நடந்தும் மனம் ஒட்டவில்லை. நீ மூன்று நாள் ஈ ஓட்டினாய். எந்தப் பேருக்குப் பயந்தாயோ, சட்டப்படி நிறுத்த பிறகு அந்தப் பேரே வந்து சேர்ந்தது.

நாலாம் நாள் என்னிடம் வாங்க வந்த பொன்னம்மாக்காவை நீதான் கூப்பிட்டாய். தராசு முள்ளு நேரே நிற்க நிறுத்தாய். எல்லாரையும் பார்க்க வைத்தாய். இறாலைப் பையில் கொட்டினாய். பிறகு குவியலில் ஒரு கை அள்ளி மேலே போட்டாய்.

"தராசு அரசாங்கத்துட சொல்லுக்கு நிக்கும் அக்கா. கைக்கு இன்னும் ஆரும் முத்திரை அடிக்கல்ல."

அவள் சிரித்த சிரிப்பில் வரிசை திரும்பி உன்னிடம் போய்விட்டது. நான் மறுபடி ஈயோடு இருந்தேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நானும் கை அள்ளத் தொடங்கினேன்.

இன்று கடதாசி ஒட்டிய அந்தப் பரிசோதகரே எனக்கு முதல் வியாபாரம், கைவிசேடம். அரைக் கிலோ இறால் கேட்டார். தராசு சரியாகக் காட்டியது, அவரும் தலையாட்டினார். பையில் கொட்டினேன். என் கை தன்பாட்டில் குவியலுக்குப் போய் வந்தது.

"என்னையா, நிறுத்த பிறகு போடுறீங்க?" என்று நெற்றியைச் சுருக்கினார்.

"தராசு உங்கட, ஐயா," என்றேன். "இந்தக் கை என்ட மச்சான்ட."