சுருங்கும், இளகாது

12.8.1996, திங்கள்

அடுத்த வாரம் எனக்கு பைபாஸ் ஆபரேஷன். என் வீட்டுக்காரருக்குப் போன வருஷமே ஆகிவிட்டது. அதனால் இன்று டாக்டரிடம் போகும்போது அனுபவசாலியாகக் கூடவே வந்தார்.

எக்கோ படத்தைப் பார்த்த டாக்டர், "டீச்சர், சார் இதயத்தைவிட உங்க இதயம் நல்லாச் சுருங்கி ரத்தத்தைத் தள்ளுது. பொம்பளைகளுக்குப் பெரும்பாலும் அப்படித்தான்" என்றார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஆனா சுருங்கினது லேசுல இளக மாட்டேங்குது. அதுவும் பொம்பளைகளுக்குத்தான் அதிகம். ஆபரேஷன் முடிஞ்சதும் கவனமாப் பாக்கணும்."

"கல்யாணமான நாள்லேருந்து இதைத்தான் டாக்டர் நான் சொல்லுதேன். இவ இளகவே மாட்டா!"

டாக்டர் சிரித்தார். நர்ஸும் சிரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது, மயக்க மருந்துக்குப் பிறகு கண் திறக்காமல் போய்விட்டால் என்ற நினைப்பு வந்தது. இவருக்கு எப்படித் தெரிந்ததோ, என் கையைப் பிடித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "விடுங்க, எல்லாரும் பாக்காவ" என்றேன்.

"நான் அப்பவே விட்டுட்டேன்ட்டி. நீதான் பிடிச்சிருக்கே."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். ஜங்ஷன் வரும்வரை விடவில்லை.